ஒன்றரை ஜி.பி. மன்னிப்பு

தெய்வநாயகத்துக்கு அறுபத்தாறு வயது. அவருடைய குரு திலகவதிக்கு நாற்பதுதான். இன்டர்நெட் கம்பெனி வேலையை உதறிவிட்டுத் தியானம் சொல்லித்தர வந்தவர். மகள் வயசுப் பெண்ணைப் போய்க் கும்பிடுகிறாரே என்று தெருவில் சிரித்தார்கள். சிரிச்சுட்டுப் போகட்டுமே என்று தெய்வநாயகம் விடாமல் போய் வந்தார்.

அவருடைய அக்கா காலமானபோது, துக்கம் விசாரிக்கக் குருவே வீட்டுக்கு வந்தார்.

“இந்த இன்டர்நெட் லைன் என்னை ஏமாத்திருச்சும்மா,” என்றார் தெய்வநாயகம்.

விஷயம் இதுதான். அக்கா மகள் தன் இஷ்டப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டபோது, தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் இவர் போய் நிற்கவில்லை. அத்தோடு பேச்சுவார்த்தை அறுந்தது. பாழாய்ப்போன வீம்பு! அக்காவுக்கு மதுரையில் இதய ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும்தான் மனிதர் ஆடிப்போனார். நேரில் போக முகமில்லை. மன்னிப்புக் கேட்டு வீடியோ எடுத்தார்.

“எல்லாத்தையும் விளக்கமா சொல்லியிருந்தேன்மா. இருபது நிமிஷம். நல்லா வரலைன்னு திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒன்னரை ஜி.பி. ஆபரேஷனுக்கு அரைமணி முன்னாடி அனுப்பிட்டேன். நூறு ஸ்பீடு கனெக்‌ஷன், ஆயிரத்தைந்நூறு எம்.பி. ஃபைலு. கால் நிமிஷத்துல போயிருக்கணுமா இல்லையா?”

“ம்.”

“போகலையே! வட்டம் சுத்திக்கிட்டே கெடந்துச்சு. அதுக்குள்ள உள்ளே கொண்டுபோயிட்டாங்க. திரும்பி வரலை. வீடியோ வருதுன்னு அக்காகிட்ட ஆள் மூலமா சொல்லி வச்சிருந்தேன்மா. ‘தம்பிகிட்டேருந்து வந்துச்சா, வந்துச்சா’ன்னு கேட்டுக்கிட்டே போச்சாம்.”

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது முடியட்டும் என்று குரு காத்திருந்தார்.

“லைன் ஏமாத்தலைங்கய்யா. அந்த நூறு, மெகாபிட். உங்க ஃபைல், மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட்.”

“எட்டா?”

“அந்த நூறும் வீட்டுக்குள்ள வர்றதுக்குத்தான். இங்கேருந்து வெளியே போறதுக்கு அஞ்சு.”

“அப்ப எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாப்பது நிமிஷம்.”

“அடப்பாவி! பத்தே நிமிஷத்துல தவறிப்போச்சே!” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “வர்றதுக்கு நூறு, போறதுக்கு அஞ்சா? என்னம்மா கொடுமை இது?”

“படம் பார்க்கணும், பாட்டு கேக்கணும்னுதான் எல்லா வீட்டுலயும் கேக்குறாங்க. அனுப்பணும்னு யாருங்கய்யா கேக்குறா?”

தெய்வநாயகத்துக்குச் சமாதானம் ஆகவில்லை. முன்னாடியே தெரிந்திருந்தால் காலையிலேயே அனுப்பியிருப்பேனே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த வீடியோவை எனக்கு இப்ப அனுப்புங்க,” என்றார் குரு.

அனுப்பினார். அதே வட்டம் சுற்றத் தொடங்கியது.

“அது போயிட்டு இருக்கட்டும். இப்ப அக்கா எதிர்ல இருந்தா என்ன சொல்லுவீங்க? மைக்கை அழுத்திப் பேசி, அதையும் எனக்கே அனுப்புங்க.”

அவர் அழுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அக்கா... நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு.”

விரலை எடுத்தார். எடுத்த கையோடு, பேசியது வந்து சேர்ந்து குருவின் போன் மணியடித்தது. வீடியோவின் வட்டம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

தெய்வநாயகம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது போயிருக்குமேம்மா. அன்னிக்கே போயிருக்குமே. கேட்டுட்டுப் போயிருக்குமே எங்க அக்கா!”

“போயிருக்கும்.”

“நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதானே? அப்ப அந்த ஒன்னரை ஜி.பி.யில என்னதாம்மா இருந்துச்சு?”

குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க பக்கத்து நியாயம்.”