ஏழாவது தளபதி அடிக்கச் சொன்ன முரசு

மேழியூர்ச் சீமையை ஒரு காலத்தில் விசயகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் காதருகே குனிந்து பேசுகிறாரோ, அவர் சொன்னதே அவருக்கு வேதம். அப்படிக் குனிவதற்கென்றே அரசவையில் சபாரஞ்சிதர் என்றொருவர் இருந்தார். தளபதி பதவியில் எவர் உட்கார்ந்தாலும் அவருக்கு வயிறு எரியும்.

ஐந்தே மாதத்தில் ஆறு தளபதிகள் வீட்டுக்குப் போனார்கள். ஒருவரின் மீசை ராஜாவின் மீசையைவிட நீளமாம். ஒருவர் சபையில் தும்மிவிட்டாராம். ஒருவர் எல்லைச் சண்டையில் ஜெயித்து வந்தார். ஜனங்கள் மாலை போட்டார்கள், மறுநாளே பதவி போயிற்று. கடைசியாக வந்த கிழவர் கடம்பத்தேவர், "வடக்குக் கோட்டைச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது மகாராஜா" என்றார். "உங்கள் கோட்டையையே பழிக்கிறார், பார்த்தீர்களா?" என்று சபாரஞ்சிதர் காதைக் கடித்தார். அவ்வளவுதான்.

யானைக்கொட்டிலின் பொறுப்பாளன் வேம்பையன் ஒரு யானையின் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தபோது சேவகன் ஓடிவந்தான்.

"தளபதி ஐயா, மகாராஜா அழைக்கிறார்!"

வேம்பையன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. "யாரையப்பா சொல்கிறாய்?"

"உங்களைத்தான்."

மருந்துச் சட்டி கை நழுவி விழுந்து உடைந்தது.

சபையில் ராஜா, "யானையை அடக்குகிறவனுக்குப் படை எம்மாத்திரம்? தென்மலை ராஜா நம்மேல் படை திரட்டுகிறான். நான்கு நாளில் உன் அணிவகுப்பைப் பார்க்க வருகிறேன்" என்றார். யானைக்காரன் வாய் திறக்க மாட்டான் என்று சிபாரிசு செய்த சபாரஞ்சிதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

வேம்பையன் நேரே பயிற்சித் திடலுக்குப் போனான். "முரசு ஒரு தரம் ஒலித்தால் என்ன செய்வீர்கள்?" என்று குதிரைப் படையைக் கேட்டான். "பாய்வோம்" என்றார்கள். வேல்காரர்களோ, "உட்காருவோம்" என்றார்கள். வில்லாளிகள், "பின்வாங்குவோம் ஐயா. ஒன்பது நாள் இருந்தாரே ஒரு தளபதி, அவர் பழக்கியது" என்றார்கள்.

ஆறு தளபதிகளும் ஆளுக்கொரு விதமாகப் பழக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தானும் புதிதாக ஒன்றைப் பழக்கினால் குழப்பம் ஏழாகும். ராஜாவிடம் போய்ச் சொன்னால் கடம்பத்தேவர் கதிதான். யோசித்து யோசித்து, யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காமலேயே விட்டுவிட்டான்.

நான்காம் நாள் ராஜா வந்து பட்டுக்குடையின்கீழ் அமர்ந்தார். வேம்பையன் முரசுக்கோலைப் பணிவாக நீட்டினான். "மகாராஜா திருக்கையாலேயே ஒரு தரம் அடிக்கவேண்டும்."

ராஜா மகிழ்ந்துபோய் ஓங்கி ஒன்று போட்டார்.

குதிரைகள் பாய்ந்தன. எதிரே வேல்காரர்கள் பொத்தென்று உட்கார்ந்தார்கள். பின்வாங்கிய வில்லாளிகள் அவர்கள்மேலேயே மல்லாக்க விழுந்தார்கள். மிரண்ட குதிரை ஒன்று பட்டுக்குடையை இழுத்துச் சபாரஞ்சிதர் தலையில் சாய்த்துவிட்டு ஓடியது. புழுதி அடங்கியபோது நாற்பது பேர் காலைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள்.

ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. "எதிரி... எங்கிருந்து வந்தான்?"

"எதிரி இன்னும் வரவேயில்லை மகாராஜா."

குடைத்துணிக்குள்ளிருந்து சபாரஞ்சிதர் கத்தினார்: "இவனை இப்போதே நீக்குங்கள்!"

"சந்தோஷம்" என்று வேம்பையன் கைகூப்பினான். "எட்டாவதாக ஐயாவையே வையுங்கள் மகாராஜா. ஆறு பேரிடமும் குறை கண்டவர். அவரிடம் குறையே இருக்காது."

"சரியான யோசனை! முதல் வரிசையில் நில்லும்!" என்றார் ராஜா.

"ஐயோ, எனக்கு இடுப்புப் பிடிப்பு... குனிய முடியவில்லை..."

"நேற்றுக்கூட என் காதுவரை குனிந்தீரே!"

திடலே சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. விழுந்து கிடந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் தப்பு வேம்பையா?"

வேம்பையன் முரசைக் காட்டினான். "முரசு ஒன்றுதான் மகாராஜா. அதற்கு அர்த்தம் சொன்ன வாய்தான் ஆறு. அந்த ஆறு பேரையும் அனுப்பியது..."

"நான்" என்றார் ராஜா.

அன்றே அவர் கடம்பத்தேவர் வீட்டு வாசலுக்குப் போய், "திரும்பி வாரும்" என்றார்.

கிழவர் நிதானமாகக் கேட்டார்: "எத்தனை நாளைக்கு மகாராஜா?"

கூடப் போயிருந்த வேம்பையன் ஓலையையும் எழுத்தாணியையும் ராஜாவிடம் நீட்டினான். ஓராண்டுக்கு மாற்றமில்லை என்று ராஜா தம் கையால் எழுதிக்கொடுத்தார்.

கடம்பத்தேவர் பழக்கியபின் ஒரே முரசுக்கு ஒரே அடி வைக்கும் படையைப் பார்த்துவிட்டுத் தென்மலைப் படை ஆற்றைத் தாண்டாமலே திரும்பிப் போனது. வேம்பையன் மந்திரியானான். சபாரஞ்சிதர் வெயிலில் புதுப் படைவீரர்களோடு நடை பழகினார்.

ஓராண்டு முடிந்த அன்று கடம்பத்தேவர் தாமாகவே வந்து வாளைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார். ராஜா இறங்கி வந்தார், வாளை எடுத்தார், கிழவரின் இடுப்பில் தாமே கட்டிவிட்டார்.