பயம் போன பிறகு வருகிறேன்

கரூரில் நாச்சிமுத்து என்று ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கால் ஊன்ற இடமில்லாமல் வண்டி நிறைந்திருந்தாலும் பதறமாட்டார். முதுகுக்குப் பின்னால் சண்டை நடக்கும், குழந்தை அழும், யாராவது ஒருவர் டிரைவரையே திட்டுவார். நாச்சிமுத்துவின் கண் சாலையை விட்டு அகலாது.

ஒருநாள் மத்தியானம் பணிமனை வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே கல்யாண மண்டபம். சாயங்கால வரவேற்புக்கு மெல்லிசைக் குழு வந்து மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் யாரோ புல்லாங்குழலை எடுத்துச் சும்மா ஊதிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து சாப்பாட்டுத் தூக்குப்போசியை மூடாமலே எழுந்து சாலையைக் கடந்து போனார்.

வாசித்தது தமயந்தி. குழுவை நடத்துகிறவர், பாடகி, குழலும் வாசிப்பார். நாச்சிமுத்துவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்.

"இது எனக்கு வருங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து. கையில் இன்னும் தயிர்ச்சோறு ஒட்டியிருந்தது.

"மூச்சு விடுறீங்கல்ல?"

"விடுறனுங்க."

"அப்ப வரும்ணா."

அன்றிலிருந்து அவர் தமயந்தியை டீச்சர் என்று கூப்பிட்டார். தமயந்தி அவரை அண்ணா என்றே கூப்பிட்டார். சில வருடங்கள் போயின. வாரவிடுமுறை நாளில் தமயந்தி வீட்டு மாடியில் பாடம். மற்ற நாட்களில் வண்டி எடுக்கும் முன்னால் தன் வீட்டில் சாதகம். மனைவி வசந்தாமணி முதலில் சிரித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தபோது அவர்களோடு சண்டைக்குப் போனார்.

தமயந்திக்கு ஒரு குறை இருந்தது. பாடிக்கொண்டே குழல் வாசிக்க முடியாது. அதனால் அவர் பாடும் பாட்டுகளில் குழல் வரும் இடங்களையெல்லாம் குழுவிலிருந்த ரூபன் என்ற பையன் கீபோர்டில் வாசித்துச் சமாளிப்பான். கேட்கிறவர்களுக்கு அதுவே போதும். தமயந்திக்குப் போதவில்லை.

"இந்த வாரம் நீங்களும் வாங்கண்ணா" என்றார் ஒருநாள்.

பள்ளப்பட்டிப் பக்கம் ஒரு வரவேற்பு. பழைய பாட்டு ஒன்று. எல்லா வாத்தியமும் வாய் மூடியிருக்க, குழல் மட்டும் தனியாகத் தொடங்கும். நாச்சிமுத்து மாடியில் எத்தனையோ தடவை தவறில்லாமல் வாசித்த இடம்தான்.

குழலை உதட்டில் வைத்தார். நிமிர்ந்தார். மண்டபம் முழுக்க முகங்கள். வாழ்நாளெல்லாம் ஜனங்களை முதுகில் சுமந்தவர் அவர். இப்படி அத்தனை பேரும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

உதடு காய்ந்தது. மூச்சு உடைந்து உடைந்து வந்தது. குழலிலிருந்து சுரம் வரவில்லை. சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சீறல் வந்தது. முன்வரிசையில் ஒருவர் மைக்கைப் பார்த்தார், அதில்தான் கோளாறு என்று நினைத்து. ரூபன் சட்டென்று கீபோர்டில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டான். பாட்டு தொடர்ந்தது.

நாச்சிமுத்து மேடையை விட்டு இறங்கினார். செருப்பைக் கூடத் தேடாமல் நடந்தார். பேருந்து நிறுத்தம் வந்த பிறகுதான் வெறுங்கால் தெரிந்தது.

மறுநாள் தமயந்தி வீட்டுக்குப் போனார். மாடிக்கு ஏறவில்லை. வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இனி என்னை மேடைக்குக் கூப்பிடாதீங்க. பயம் போன பிறகு நானே வர்றேன்."

"சரிங்ணா. எப்பப் போறேன்னு சொல்லிச்சுங்களா அது?"

நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க டீச்சர். பயம் போக வழி என்ன?"

தமயந்தி உள்ளே போய், நாச்சிமுத்து மண்டபத்தில் விட்டுவந்த செருப்பை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

வழி சொல்ல ஆளில்லை என்றால் வழியைத் தானே வெட்டிக்கொள்வது என்று நாச்சிமுத்து முடிவு செய்தார். விடுகிற ஆள் இல்லை அவர்.

பணிமனையின் பின்பக்கம் எஞ்சின் வேலைக்காக ஒரு பேருந்து நின்றிருந்தது. மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் அதில் ஏறினார். டிரைவர் சீட்டுக்கு அருகே, பயணிகள் பக்கம் திரும்பி நின்றார். காலி இருக்கைகளைப் பார்த்து வாசித்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கண்டக்டர் அர்த்தநாரி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"யாருக்கப்பா வாசிக்கிறே?"

"சீட்டுக்கு."

"சீட்டு கைதட்டாதே."

"எழுந்திரிச்சும் போகாது. நீ வேணும்னா ஏறி உக்காரு. கடைசி சீட்டுல. என்னைப் பாக்காதே, ஜன்னலைப் பாரு."

அர்த்தநாரி ஏறி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் மூச்சு நடுங்கியது. ஆனாலும் நிறுத்தாமல் பாட்டின் கடைசி வரை போனார். அடுத்த நாள் அர்த்தநாரி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மறுபடி நடுக்கம். மறுபடி கடைசி வரை. அதற்கடுத்து ஒரு மெக்கானிக் வந்தார். பிறகு டிக்கெட் பரிசோதகர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தபோது, துண்டை விரித்து உட்கார்ந்தார்.

புது முகம் ஒன்று ஏறும்போதெல்லாம் மூச்சு ஆடும். பழகும். அடங்கும். நாச்சிமுத்து அர்த்தநாரியிடம், "இன்னொரு ஆளைக் கூட்டிக்கிட்டு வா" என்பார். மார்கழி முடிவதற்குள் அந்த ஓடாத வண்டி ஆட்களால் நிறைந்துவிட்டது. ஒருநாள் பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்தார். சுரம் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. வண்டி அதிரக் கைதட்டினார்கள்.

நேரே தமயந்தி வீட்டுக்குப் போனார்.

"போயிருச்சுங்க டீச்சர்."

"சந்தோஷம்ணா. காணும் பொங்கலுக்கு அமராவதிக் கரையில நிகழ்ச்சி. அதே பாட்டு. வந்துருங்க."

காணும் பொங்கலன்று ஆற்றங்கரையில் ஊரே இருந்தது. கரும்பு கடிக்கிறவர்கள், உறியடிக்குக் கூடினவர்கள், பொரி உருண்டைக்கு அழுகிற குழந்தைகள். மேடைக்கு முன்னால் வெயில் தாழ்வதற்குள்ளேயே இடம் பிடித்துவிட்டார்கள். வசந்தாமணி புதுச்சேலையில் இரண்டாவது வரிசையில் இருந்தார். அர்த்தநாரி பாதிப் பணிமனையைக் கூட்டி வந்திருந்தார்.

நாச்சிமுத்து மேடையின் ஓரத்துத் தட்டியை விலக்கி ஒரு பார்வை பார்த்தார்.

அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பணிமனையிலேயே இறக்கிவிட்டு வந்ததாக நினைத்த பயம், அவருக்கு முன்னால் வந்து துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. முன்னைவிடப் பெரிசாக.

ரூபனையே வாசிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பள்ளப்பட்டியில் சொல்லாமல் போனது தப்பு. இந்தத் தடவை சொல்லிவிட்டே போகலாம்.

தமயந்தியை அங்கே இங்கே தேடினார். உடை மாற்றும் மறைப்பில் இல்லை. டிரம்ஸ் வாசிக்கிறவரிடம் கேட்டார். அவர் கண்ணாலேயே ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் காட்டினார்.

வண்டிக்குப் பின்னால் தமயந்தி குனிந்து நின்றிருந்தார். ஒரு கை சக்கரத்தைப் பிடித்திருந்தது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! உடம்பு சரியில்லீங்களா?"

தமயந்தி கையை அசைத்தார். பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி வாயைக் கொப்பளித்தார்.

"ஒண்ணுமில்லீங்ணா. முடிஞ்சுருச்சு."

"மத்தியானம் சேராதது ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடவே இல்லை. மேடை இருக்கிற அன்னிக்கு எதுவும் இறங்காது."

பாட்டிலை மூடப் பார்த்தார். மூடி பொருந்தவில்லை, விரல்கள் அப்படி ஆடின. நாச்சிமுத்து பாட்டிலை வாங்கி மூடினார். வாங்கும்போது தமயந்தியின் விரல் பட்டது. தண்ணீரில் வெகுநேரம் கிடந்த கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது.

"இது எப்ப இருந்துங்க?"

"முதல் மேடையில இருந்து."

"இத்தனை வருஷமா? ஒவ்வொரு தடவையும்?"

"ஆமாண்ணா."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அந்தப் பணிமனை மத்தியானங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

"அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டனே. ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"பயம் போக வழி என்னன்னு கேட்டீங்க. அது எனக்குத் தெரியாதுங்ணா."

ஒலிபெருக்கியில் குழுவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கூட்டம் விசில் அடித்தது. தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நெற்றிப் பொட்டைச் சரிசெய்தார்.

"எதுக்குண்ணா என்னைத் தேடுனீங்க?"

நாச்சிமுத்து கையிலிருந்த குழலைப் பார்த்தார்.

"சும்மாதானுங்க டீச்சர்."

இருவரும் ஓரத்துப் படியேறி மேடைக்குப் போனார்கள். அந்தப் பாட்டு வந்தபோது ரூபன் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "நான் எடுத்துக்கட்டுங்களாண்ணா?" என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி. நானே எடுக்கிறேன்."

எல்லா வாத்தியமும் ஓய்ந்தது. நாச்சிமுத்து ஊதினார். முதல் சுரம் பாதி காற்றாகவே போயிற்று. இரண்டாவது சுரம் வந்தது, ஆனால் உடம்பெல்லாம் ஆடிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதில் தெளிவாக விழுந்தது. குழல் உதட்டிலிருந்து நழுவப் பார்த்தது. அவர் இறுக்கிப் பிடித்தார். மூன்றாவது சுரத்துக்கு மூச்சை இழுத்தார். அதற்கடுத்ததற்கும். ஆடி ஆடித்தான் போனது, ஆனால் போனது. தாளம் வந்து சேர்ந்துகொள்ளும் இடம் வரைக்கும் குழலை அவர் இறக்கவில்லை.

தமயந்தி பாடத் தொடங்கினார். அந்தக் குரலில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவுக்கு வேறொன்று தெரிந்தது. மைக் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தது. சேலை மடிப்பு முழங்கால் பக்கம் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது.

சரணத்துக்கு முன்னால் குழல் வரும் இடம். நாச்சிமுத்து வாசித்தார். இந்தத் தடவை காற்று குறைவு, சுரம் அதிகம். கடைசி இடத்தில் இன்னும் கொஞ்சம் நேராக வந்தது. பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். அதற்குள் பின்னாலிருந்து யாரோ குத்துப்பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். டிரம்ஸ்காரர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் வசந்தாமணி மேடைப் பக்கம் வந்தார்.

"முதல்ல கொஞ்சம் நடுங்குச்சுங்க."

"ஆமா."

"அப்புறம் நடுங்கலை."

"அப்புறமும் நடுங்குச்சு. உனக்குக் கேக்கலை."

வசந்தாமணி கரும்பின் அடித்துண்டை உடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆற்று மணலில் ஜனம் கலைந்துகொண்டிருந்தது. ரூபன் கீபோர்டை உறையில் போட்டான். தமயந்தி மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாரோ கொடுத்த சர்க்கரைப் பொங்கலை அவசர அவசரமாகச் சாப்பிட்டார். அன்றைக்கு அவர் வயிற்றில் விழுந்த முதல் சோறு அதுதான். சாப்பிட்டு முடித்ததும் கைகழுவி வந்து மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நாச்சிமுத்து இன்னொரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தார். கேட்டேவிட்டார்.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"வாந்தி எடுக்கிறீங்க. கை நடுங்குது. கால் நடுங்குது. இத்தனை பயத்தை வெச்சுக்கிட்டு எப்படீங்க மேடை ஏறுறீங்க?"

தமயந்தி வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அந்த ஓரத்துல படி போட்டிருந்தாங்க. அதுல ஏறினேன்."

நாச்சிமுத்து அந்தப் படியைத் திரும்பிப் பார்த்தார்.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் அதுலதானேண்ணா ஏறினீங்க?"