வேண்டாம் என்று கத்திய பறவை

பறவையும் மனுசரும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், தென்னமெரிக்கா என்கிறார்களே, அந்தக் காட்டில் கரிய நீர் ஓடும் ஓர் ஆற்றங்கரையில் கொஞ்சம் சனம் இருந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம். பிள்ளை பிறந்தால் அதன் பங்குக்கு ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லை ஊரே பேசலாம். ஆனால் சொந்தக்காரர் செத்துப்போனால் சொல்லையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். இன்னொரு பிள்ளை பிறந்து, அதன் காதில் அந்தச் சொல்லை ஓதுகிறவரைக்கும் யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் செத்தவர் திரும்பி வந்து, எடுத்தவரிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டு போவார்.

இசாரி என்றொருத்தி. அவள் புருசன் துமே. அவன் பங்குக்கு வந்த சொல் 'வேண்டாம்'. ஆனால் அவனோ எதை நீட்டினாலும் தின்கிறவன். "சொல்லுதான் வேண்டாம், வயித்துக்கு எல்லாமே வேணும்" என்று கொழுந்தியாள்கள் சிரிப்பார்கள். அவனும் மீனை மென்றுகொண்டே கூடச் சிரிப்பான்.

ஒரு மழைக்காலத்தில் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. துமே போனான். அவனைப் பெற்றவள் போனாள்; அவள் சொல் 'நில்'. கிழங்கு பிழிகிற பெரியவர் போனார். அவர் சொல் 'நஞ்சு'. அறுபது பேர் இருந்த ஊரில் பதினோரு பேர் மிச்சம். புதிதாக ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. பேச்சில் பாதிக்குமேல் மண்ணுக்குள்ளே கிடந்தது. உப்புக் கேட்க நாக்கைத் தொட்டுக் காட்டினார்கள். மழை வருகிறதென்று சொல்ல மேலே கையைக் காட்டினார்கள்.

இசாரியின் வாசல் மரத்தில் நீளப் பைபோலக் கூடு தொங்கவிட்டு ஒரு பறவை இருந்தது. காக்கையைவிடச் சின்னது, உடம்பு கறுப்பு, வால் மஞ்சள். பாயோ என்று பேர். அந்தக் காட்டிலேயே நல்ல குரல் அதற்குத்தான். வாயோ துடுக்கு.

"என்ன இசாரி, இன்னிக்கு எந்தச் சொல்லைப் புதைச்சீங்க? இப்படியே போனா என்னைக் கூப்பிடவும் கல்லைத்தான் விட்டெறியணும்."

"கூட்டுக்குள்ள கிட, கறுப்பி. எங்க சாவு எங்களோட."

மறுநாள் உச்சிப் பகல். இசாரி விறகு பொறுக்க ஓடைக்கு அக்கரையில் இருந்தாள். இக்கரையில் அவள் மகள் லூவி, நாலு வயசு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கே மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்த பால் ஒரு பானையில் இருந்தது. அந்த ஊர்க் கிழங்கு நம்ம கிழங்குபோல இல்லை. பச்சையாய்க் குடித்தால் ஆளைக் கொல்லும்; காய்ச்சின பிறகுதான் குடிக்கலாம். குழந்தைக்குத் தாகம். சுரைக்குடுவையில் மொண்டாள்.

இசாரி பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். 'நஞ்சு' வந்தது, தொண்டையில் நின்றது. அது பெரியவரோடு மண்ணில். 'நில்' வந்தது. அது மாமியாரோடு மண்ணில். மூன்றாவது அவள் புருசனுடையது. பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. சொன்னால் அவன் எழுந்து வருவான். அவள் கை தானாகப் போய்த் தன் வாயையே பொத்திக்கொண்டது.

"லூவி! லூவி!" என்று மட்டும் விரலிடுக்கில் வந்தது.

அம்மா கூப்பிடுகிறாள் என்று குழந்தை சிரித்துக் கையாட்டியது. குடுவையை உதட்டுக்குக் கொண்டுபோனது.

"வேண்டாம்!"

மரத்தின் மேலிருந்து பாயோ கத்தியது. காடே நடுங்குகிற கத்தல். அப்பன் சொல்லைக் கேட்டதும் குழந்தை திடுக்கிட்டுக் குடுவையைப் போட்டது. வெள்ளைப் பால் மண்ணில் ஓடியது.

இசாரி விழுந்து எழுந்து தண்ணீரில் ஓடி வந்து பிள்ளையை அள்ளினாள். உதட்டைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "பாயோ, என் சாமி, பேசு" என்று அண்ணாந்தாள்.

பாயோ வாயைத் திறந்தது. துமேயின் இருமல் வந்தது. மறுபடி திறந்தது. தவளைச் சத்தம். பிறகு லூவியின் அழுகை. அதன் சொந்தக் குரலை மட்டும் காணோம். துமே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பறவையின் கண்ணில் இருந்த திகைப்பை இசாரியால் பார்க்க முடியவில்லை.

"என் பிள்ளை, என் வாய். ஒரு பறவை கொடுத்ததை நான் கொடுக்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே புதைகாட்டுக்குப் போனாள். முதல் குழிமேட்டில் நின்று, "வேண்டாம்!" என்றாள். அடுத்ததில், "நில்!" அடுத்ததில், "நஞ்சு!"

சொல் ஓதுகிற கிழவர் கொவாரு தடியோடு ஓடி வந்தார். "பொம்பளே, வாயை மூடு! செத்தவங்க எழுந்து வந்துருவாங்க!"

"வரட்டும் மாமா. வந்து என்னத்தை வேணும்னாலும் எடுத்துக்கட்டும். இவளுக்குப் பேச்சைக் கொடுத்துட்டு எடுக்கட்டும்."

கொவாரு சுற்றிப் பார்த்தார். யாரும் வரவில்லை. இடுப்பிலிருந்த லூவி மட்டும், "நஞ்சு" என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்கென்று கொடுத்த சொல்லுக்குச் செத்தவர் வருவதில்லை என்று புரிந்து, கிழவரின் தடி கீழே விழுந்தது.

அந்தப் பகல் தொட்டுத்தான் மஞ்சள் வால் பறவைக்குச் சொந்தப் பாட்டு இல்லை; கேட்ட குரலையெல்லாம் கூவித் தன் குரலைத் தேடுகிறது. அந்தக் கரையிலும் ஒருவர் செத்தால், அழுகை தொடங்குமுன் அவருடைய சொல்லை ஊர் உரக்கச் சொல்லுகிறது, பிள்ளைகளை முன்னால் நிறுத்தி.