மூன்று பாகக் காட்டேரியும் ஒரு மாப்பிள்ளையும்

கூத்தங்குடிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள், அவ்வளவுதான் அவர்களிடம் உள்ள தொந்தரவு. "அடுப்புல பால் இருக்கு, பொங்கினா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனால், பால் முழுக்கப் பொங்கி வழிந்து அடுப்பும் அணைந்த பிறகு மரியாதையாக வந்து, "பொங்கிருச்சுங்க" என்பார்கள்.

அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த திருமேனி பெண் பார்க்கப் போனான். பெண் குமுதவல்லிக்குப் பக்கத்து டவுனில் தபால் ஆபீஸ் வேலை. ஏற்கெனவே பதினோரு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள். பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ரத்தக்காட்டேரி ஜமீன்தார் கதை மூணு பாகமா வந்திருக்கே, படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"எனக்கு அதுன்னா உசிரு. படிச்சிட்டு வாங்க, வெள்ளிக்கிழமை பேசலாம். வரிசையா படிக்கணும். ஒரு பாகத்த முடிக்காம அடுத்ததத் தொடக்கூடாது."

திருமேனி பஜ்ஜியைத் தொடவில்லை. மனசு பறிபோய்விட்டது என்பதற்குக் கூடப் போயிருந்த மூன்று நண்பர்களுக்கும் அந்த அத்தாட்சியே போதுமானதாக இருந்தது. அவன் தட்டையும் சேர்த்து அவர்களே காலி செய்தார்கள்.

திங்கட்கிழமை நால்வரும் நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் மரகதம் அம்மாள் மூன்று பாகங்களையும் எடுத்து மேஜையில் வைத்தார். திருமேனி கையை நீட்டியதும் பூவராகன் தடுத்தார். நால்வரில் மூத்தவர் அவர். ஊரில் கண்ணாடி போட்டிருப்பதும் அவர் ஒருவர்தான். கண்ணாடிச் சில்லு போன வருஷமே விழுந்துவிட்டது, சட்டம் மட்டும் மூக்கில் இருந்தது.

"ஒண்ண எடு. ரெண்டையும் மூணையும் தொடாத. பொண்ணு என்ன சொல்லிச்சு?"

இன்னொரு நண்பன் பிச்சாண்டி தன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோற்றுப் பானை இறக்கும் இடுக்கி இரண்டைக் கொண்டுவந்தான். இரண்டாம் பாகத்தை மூன்றாவது நண்பன் தட்சிணாமூர்த்தி இடுக்கியால் பிடித்துக்கொண்டு பத்திரமாக நடந்தான். மூன்றாம் பாகம் பிச்சாண்டியின் இடுக்கியிலிருந்து நழுவி, மாட்டுக்கு வைத்திருந்த கழனீர்த் தொட்டியில் விழுந்தது. அதையும் கை படாமல் எடுத்து, கொடியில் காயப்போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் திருமேனி முதல் பாகத்தைத் திறந்தான். 'ஜமீன்தாருக்கு அன்றோடு முன்னூறு வயது முடிந்தது' என்று முதல் வரி சொன்னது. புத்தகத்தை மூடிவிட்டான்.

"முன்னூறு வயசுலேருந்து ஆரம்பிச்சா எப்படிண்ணே வரிசையா படிச்சதாகும்? அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் என்ன ஆச்சு?"

கேட்க வேண்டிய கேள்விதான் என்று எல்லோருக்கும் பட்டது. நால்வரும் மறுபடி நூலகத்துக்குப் போய், விட்டுப்போன முன்னூறு வருஷத்தைக் கேட்டார்கள்.

"அவரு பொறந்து வளந்த கதை ரெண்டாம் பாகத்துல வருது," என்றார் மரகதம் அம்மாள்.

"எப்பம்மா சாவாரு?" என்று பிச்சாண்டி கேட்டான். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே அது ஒன்றுதான் கவலை.

அந்த அம்மாள் யாருக்கும் முடிவைச் சொல்கிறவர் இல்லை. இவர்கள் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று, "மூணாம் பாகத்துல," என்று சொல்லிவிட்டார்.

அதோடு ஆரம்பித்தது வம்பு. பூவராகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வழக்கை எடுத்துக்கொண்டார்கள்.

"நம்பர் போட்டவன் யோசிக்காமலா போட்டிருப்பான்? ஒண்ணுதான் முதல்ல," என்றார் பூவராகன்.

"பொறக்காதவன் ஒண்ணாம் பாகத்துல எப்படிண்ணே நடமாடுவான்? ரெண்டுல பொறக்கட்டும், அப்புறம் நடக்கட்டும்," என்றான் தட்சிணாமூர்த்தி.

"நீங்க ரெண்டு பேரும் உசிரோட இருக்கிற காட்டேரிய வீட்டுக்குள்ள விடப் பாக்குறீங்க," என்றான் பிச்சாண்டி. "மூணாவத முதல்ல படிச்சு ஆளைச் சாகடிச்சிருவோம். அப்புறம் நிம்மதியா உக்காந்து, என்னென்ன செஞ்சான்னு விசாரிப்போம்."

மூவர் பேச்சும் திருமேனிக்கு நியாயமாகவே பட்டது. அவனுக்கு அதுதான் கஷ்டம். செவ்வாய் போயிற்று, புதன் மத்தியானமும் போயிற்று. கதையில் ஜமீன்தாருக்கு இன்னும் முன்னூறு வயதுதான் முடிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு முகத்துல எப்படிண்ணே முழிப்பேன்? பன்னெண்டாவது ஆளா என்னையும் அனுப்பிரும்," என்றான் திருமேனி. பாவம், அவனுக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது.

பூவராகன் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, இல்லாத கண்ணாடியைத் துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டார். தீர்ப்பு வந்தது.

"மூணையும் ஒரே நேரத்துல படிச்சிருவோம். ஆளுக்கு ஒண்ணு, சத்தமா. நீ நடுவுல உக்காந்து கேளு. எதுவும் முந்தாது, எதுவும் பிந்தாது."

அப்படியே நடந்தது. பூவராகன் ஒரு பக்கத்தில் ஜமீன்தாரை நடமாட விட்டார். தட்சிணாமூர்த்தி இன்னொரு பக்கத்தில் அவருக்குப் பெயர் சூட்டினான். பிச்சாண்டி எதிரே உட்கார்ந்து அவர் நெஞ்சில் ஆப்பு அடித்தான். கழனீரில் ஒட்டிப்போன பக்கங்களை அவன் ஒரே பக்கமாகக் கணக்கில் வைத்துக்கொண்டான். முதல் பாகம் முடியாததால், மற்ற இருவரும் இடுக்கியால்தான் பக்கம் புரட்டினார்கள்.

அலறலைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி வேப்பிலையோடு ஓடிவந்தாள். யாருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்தவன் திருமேனி மட்டும்தான் என்பதால் அவனை நாலு சாத்து சாத்தினாள். அவன் அசையாமல் கதை கேட்டான்.

வெள்ளிக்கிழமை நால்வரும் பெண் வீட்டுக்குப் போக, குமுதவல்லி திருமேனிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். முன்னால் வந்த பதினோரு பேரும், "படிச்சேங்க, ரொம்ப நல்லாருந்துச்சு" என்று புளுகிவிட்டு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள்.

"கடைசில ஜமீன்தார் என்ன ஆனாரு?"

திருமேனிக்குப் பொய் சொல்லத் தெரியாது. காதில் விழுந்ததைச் சொன்னான்.

"பொறந்தாருங்க. ஒரு பொண்ணைக் கடிச்சாரு. செத்தாரு. மூணும் புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் நடந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. ஆனா உங்களுக்காக முழுசா கேட்டேன்."

குமுதவல்லி முதலில் முந்தானையால் வாயை மூடிப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, அப்பா கலியமூர்த்தியிடம் திரும்பினாள்.

"இவரே போதும்பா. கதைய நானே வரிசையா சொல்லிக் குடுத்துக்கறேன்."

திருமேனிக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. கலியமூர்த்தி பஞ்சாங்கத்தை எடுத்தார். "அப்ப நாள் பாத்துரலாம்," என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்று பூவராகன் எழுந்தார். "பொண்ணு எங்க மாப்பிள்ளைய இருபத்தெட்டு வயசுலேருந்துதான் பாத்திருக்கு. முதல் இருபத்தேழு வருஷத்த விட்டுட்டு நேரா கல்யாணத்துக்குப் போனா அதுக்கு என்ன புரியும்?"

கலியமூர்த்தி பஞ்சாங்கத்தை மூடுவதற்குள் தட்சிணாமூர்த்தியும் பிச்சாண்டியும் கூடத்து ஊஞ்சலைக் கழற்றி, கொக்கியில் புடவையால் தொட்டில் கட்டிவிட்டார்கள். திருமேனி செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக உள்ளே ஏறிப் படுத்தான். குமுதவல்லி வந்து ஆட்டினாள்.

சற்று நேரத்தில் காபி வந்தது. மாப்பிள்ளைக்கு இப்போதுதான் எட்டு மாதம் ஆகிறது என்று சொல்லிப் பூவராகன் டம்ளரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சங்கில் பால் கொண்டுவரச் சொன்னார்.