செத்தவர்கள் பெயரில் சோறு

அந்த மடத்துக்குத் தனியாகப் பெயர் ஒன்றும் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு ஓட்டுக் கூடம், பின்னால் சமையல் கொட்டகை, அவ்வளவுதான். அமாவாசைக்கு அமாவாசை அங்கே வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். நடத்துகிறவர் செல்லாயம்மா. யாராவது காலில் விழுந்தால், "இடுப்புப் பிடிச்சுக்கும், எந்திரிங்க" என்பார். குரு என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார். ஆனாலும் அவரைத் தேடி ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மனசில் உள்ளதைக் கேட்க ஊரில் வேறு ஆளில்லை, என்ன செய்வது.

அப்படி வருகிறவர்தான் மாசிலாமணி. சின்னக்கரடு கிராம நிர்வாக அலுவலர். அந்தப் பக்கத்தில் இன்னமும் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லாயம்மாவைவிட வயதில் மூத்தவர், ஆனால் அவர் முன்னால் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்தான். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு மூட்டை அரிசி இறக்குவார். பந்தியில் அவரே பரிமாறுவார். எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஏதாவது கேட்பார்.

அன்றைக்குப் பந்திக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். முகமே சரியில்லை.

"தூக்கம் வரமாட்டேங்குதுங்கம்மா" என்றார்.

தாலுகா ஆபீசில் பேசிப் பழகிய வாய், சுற்றி வளைத்துத்தான் சொன்னது. விஷயம் இதுதான். ஊருக்கு இத்தனை பேருக்குத்தான் முதியோர் பென்ஷன் என்று ஒரு வரையறை உண்டு. ஒருவர் போனால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். சின்னக்கரட்டில் பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் செத்தாலும் போவதில்லை. வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடித்து, படத்துக்கு மாலையும் போட்டுவிடுவார்கள். பணத்தை மட்டும் மாதாமாதம் பேரனோ மருமகளோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று மாசிலாமணி கையெழுத்துப் போடுவார். அதற்கு அவருக்கு ஒரு பங்கு, அவருக்கு மேலே ஒரு பங்கு. யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

பாவாயி ஒருத்தியைத் தவிர.

பாவாயிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கண்ணில் புரை விழுந்ததிலிருந்து நூறு நாள் வேலைக்கும் கூப்பிடுவதில்லை. பென்ஷனுக்கு மனுக் கொடுத்துவிட்டு நடையாய் நடக்கிறாள். 'யாராச்சும் போனாத்தான் ஆத்தா உனக்கு' என்று மாசிலாமணி என்றைக்கோ வாய்தவறிச் சொல்லிவிட்டார். கிழவி அதைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் எங்கே சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து அழுவாள். மனசாரத்தான் அழுவாள், அதில் குறை சொல்ல முடியாது. காரியம் முடிந்த மறுநாள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். இன்னும் மேலே பதிவாகவில்லை என்று மாசிலாமணி அனுப்பிவிடுவார்.

போன மாதம் ராமாயி என்று பென்ஷன் வாங்குகிற ஒரு கிழவி செத்தாள். அதற்கும் வந்து நின்றிருக்கிறாள். அவர் வழக்கம்போலப் பதிவாகவில்லை என்று சொல்ல, அவள் கும்பிட்டுக்கொண்டே, "நாந்தான் சாமி அவளுக்குத் தண்ணி வாத்துக் குளிப்பாட்டினேன். நெசமாத்தான் செத்துட்டா, நம்பு" என்றாளாம்.

அன்றைக்குப் போன தூக்கம்தான்.

"மேல இருக்கறவனும் திங்கறான், கீழ இருக்கறவனும் திங்கறான். நான் ஒருத்தன் நேரா இருந்து என்னங்கம்மா ஆகப்போகுது?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "என் பங்குல ஒத்தப் பைசாவை நான் வீட்டுக்குக் கொண்டுபோறதில்லைங்க. அப்படியே அரிசியா வாங்கி இங்க இறக்கிடறேன். செத்தவங்க காசு, செத்தவங்க பேர்லயே அன்னதானம்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டது. அப்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்ததில் அவருக்கு நிம்மதிதான்.

செல்லாயம்மா கதவோரம் கிடந்த மூட்டையைப் பார்த்தபடி இருந்தார்.

"இத்தனை வருஷமா இது எங்கிருந்து வருதுன்னு நானும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். பிறகு, "பந்திக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.

பரிமாறுவதற்கு முன்னால் அன்றைய சோறு யார் நினைவாக என்று சமையல்காரர் உரக்கச் சொல்வது மடத்து வழக்கம். கொடுக்கிறவர் பெயர் மட்டும் வேண்டாம் என்று மாசிலாமணி சொல்லி வைத்திருந்தார். அடக்கமான மனுஷன் என்று எல்லோரும் அதையும் மெச்சினார்கள். இன்றைக்கும் சமையல்காரர் கூடத்து நடுவில் நின்று, "சின்னக்கரடு காலஞ்சென்ற ராமாயி அம்மாள் நினைவா" என்றார்.

மாசிலாமணி சோற்று வாளியோடு வரிசையாக வந்தார். கோடியில் ஓர் இலைக்கு முன்னால் பாவாயி உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லிக் கேள்விப்பட்டாளோ, பெண்களுக்குக் காசில்லாத பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள்.

நல்லவேளை, அவளுக்கு ஆள் தெரியவில்லை. குரலைக் கண்டுகொள்வாளோ என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு சோற்றை வைத்தார்.

"ராமாயி எங்க ஊருதான் கண்ணு" என்றாள் அவள், இலையைத் தடவிக்கொண்டே. "அவ செத்துட்டான்னு இங்கயாச்சும் ஒத்துக்கறாங்களே. இந்தச் சோத்தைப் போட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும்."

அவர் இன்னொரு கரண்டி வைத்தார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வாளியை அப்படியே வைத்துவிட்டு நேராகச் செல்லாயம்மாவிடம் போனார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

கோடி இலையில் இருக்கிற கிழவிதான் பாவாயி, இனி தினமும் இங்கேயே வந்து சாப்பிடட்டும், அதற்கு இன்னொரு மூட்டை நான் அனுப்புகிறேன் என்றார். இரண்டு மூட்டை என்றாலும் சரி என்றார்.

"அது அவங்க சோறு மணியக்காரரே" என்றார் செல்லாயம்மா. "பென்ஷன் வந்திருந்தா அவங்க வீட்டுலயே உக்காந்து தின்னிருப்பாங்க. நடுவுல நீங்க எதுக்கு, நான் எதுக்கு?"

மாசிலாமணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே மூட்டை இறக்காதீங்க."

"அப்ப அடுத்த அமாவாசைக்கு?"

"இருந்தாப் போடுவோம். இல்லேன்னா இல்லைன்னு சொல்லுவோம்" என்று செல்லாயம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். அவரும் அன்றைக்கு ரொம்பக் களைத்துத்தான் போயிருந்தார்.

மாசிலாமணி அங்கேயே நின்றார். செத்தவர்களைச் செத்தவர்கள் என்று இப்போது எழுதினால், இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது யார் என்று கேட்பார்கள். விசாரணை வரும். மேலே பங்கு வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து இவர் ஒருவரைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஓய்வு பெற ஆறேழு மாதம்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொன்னார்.

"என் பென்ஷனை நிறுத்திடுவாங்கம்மா" என்றார் கடைசியில். "அது இல்லாம இந்த வயசுல நான் எப்படிங்க பொழைக்கறது?"

செல்லாயம்மா கூடத்துப் பக்கம் பார்த்தார். பந்தி எழுந்துகொண்டிருந்தது.

"அது பாவாயிக்குத் தெரியும்" என்றார். "அதோ, கை கழுவிட்டு வர்றாங்க. போய்க் கேளுங்க."