தகரப் பத்தாயமும் தரமான பிளேடும்

கோணம்பட்டித் தகரப் பட்டறையில் இருந்த நால்வரைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு தடவை பக்கத்துக் கடைக்காரர், வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்றார். அது இன்னும் அடி வைக்காத வாளி. சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

மேஸ்திரி ஆவுடையப்பன் மூத்தவர் என்பதால் யோசிக்கிற பொறுப்பு அவருடையது. இசக்கி கடை கண்ணிக்குப் போய்வருவான். சொள்ளமுத்துவின் வேலை சந்தேகம் கேட்பது. மீதி வேலை எல்லாம் மாசானத்தின் தலையில்.

அந்த மாசானத்துக்குப் பெண் தேடி அவன் அம்மாவுக்குக் கால் தேய்ந்துவிட்டது. விளாங்குளம் பேச்சிமுத்து ஒருவர்தான், பார்க்கலாம் என்று இழுத்தார். அவர் மகள் பொன்னுக்கிளியை மாசானம் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பாவம், சோறு இறங்கவில்லை.

பேச்சிமுத்து, நெல் கொட்டி வைக்கத் தகரத்தில் ஒரு பத்தாயம் செய்யச் சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியோட வாரேன். பத்தாயத்த ஏத்திக்கிட்டு மாப்பிள்ளையவும் ஒரு கண்ணு பாத்துக்கிடுதேன். ஆளு அன்னைக்குக் கண்ணுல படலைன்னா, பொண்ண, மில்லு வச்சிருக்க என் தங்கச்சி மகனுக்கே குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தகரத்தில் தகரத்தை இணைக்க ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியலால் அடிக்கும்போது, உள்ளே ஒருவன் இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்துத் தாங்க வேண்டும். உள்ளே எப்போதும் மாசானம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேல் தகட்டையும் வைத்து, சுற்றிலும் அழுத்தமாக ரிவெட் அடித்து முடித்தார்கள். நெல் கொட்டுவதற்கு மேலே விட வேண்டிய வாயைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம் என்பது மேஸ்திரியின் முடிவு. முதலிலேயே வெட்டினால் தூசி விழும். அடியில் நெல் எடுக்கும் மடை மட்டும் கை நுழையும் அளவுக்கு இருந்தது.

"ஒரு எறும்பு நுழைய முடியாது" என்றார் மேஸ்திரி பெருமையாக.

"அண்ணாச்சி, நான் எப்படி வெளிய வாரது?" என்று பத்தாயம் கேட்டது.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பட்டறையில் தகரம் வெட்டும் கத்திரி இருந்தது. ஆனால் அதைப் பிடித்து வெட்ட ஓர் ஓரம் வேண்டும். அவர்கள் ஓரம் ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. உளி வைத்து அடித்தால் தகடு நெளிந்துவிடும். நெளிந்த பத்தாயத்தைப் பேச்சிமுத்து தொட மாட்டார். அறுக்கிற பிளேடு வாங்குவதுதான் வழி என்று மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார்.

இசக்கி இரும்புக் கடை கனி பாயிடம் போனான். பாய் பொறுமைசாலி. மூன்று பிளேடுகளை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"இது சாதா ஸ்டீலு. நல்லா வளையும், ஆனா சீக்கிரம் மழுங்கிரும். இது ஹை ஸ்பீடு ஸ்டீலு. பல்லு கெட்டி, வளைச்சா ஒடிஞ்சிரும். இது பைமெட்டலு. பல்லும் கெட்டி, முதுகும் வளையும், ஒடியாது. உங்க தகடு மெல்லிசுல்லா, அதனால பொடிப் பல்லா குடுத்திருக்கேன். பல்லு முன்னால பாத்து இருக்கணும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, நிதானமா அறுங்க."

மூன்றையும் வாங்கிக்கொண்டு, பாய் சொன்னதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான் இசக்கி. எதிரே வந்தவர்கள் நலம் விசாரித்ததற்கும் அதையே சொன்னான்.

"கடைக்காரர் சொல்லுதத அப்படியே நம்பலாமா?" என்றான் சொள்ளமுத்து.

நியாயமான கேள்விதான். மேஸ்திரி முதல் பிளேடைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். பல் எல்லாம் போகும்வரை தேய்த்தார்கள். "மழுங்கிட்டு. பாய் சொன்னது உண்மை" என்றார். இரண்டாவதை முழங்காலில் வைத்து மடக்கினார்கள். பட்டென்று இரண்டானது. "ஒடிஞ்சிட்டு. நேர்மையான மனுசன்."

"ஏ, பேச்சிமுத்து மாமா வந்துருவாருல்லா, பொழுது சாயுது" என்றது பத்தாயம்.

"பொறுல. உன் கல்யாண விசயம். பாத்துத்தான செய்யணும்?"

மூன்றாவது பிளேடை மூவரும் மாற்றி மாற்றி வளைத்தார்கள். ஒடியவில்லை. சொள்ளமுத்து அதை மாட்டு வண்டிச் சக்கரத்தில் கட்டிச் சோதிக்கலாம் என்றான். வண்டி கிடைக்காததால் பிளேடு பிழைத்தது.

அடுத்து, பல் முன்னால் பார்த்து இருக்க வேண்டும் என்ற விஷயம்.

"எனக்கு முன்னால பத்தாயம் இருக்கு. அப்ப பல்லு பத்தாயத்தப் பாக்கணும்" என்றார் மேஸ்திரி.

"எனக்கு முன்னால நீங்க இருக்கீக. அப்ப பல்லு உங்களையில்லா பாக்கணும்?" என்றான் மாசானம் உள்ளே இருந்து.

"நான் பக்கவாட்டுல உக்காந்திருக்கேன்" என்றான் சொள்ளமுத்து கவலையாக.

இசக்கி எழுந்துபோய் அவனை நேராக உட்கார வைத்தான். அப்படியும் பிரச்சினை தீரவில்லை. கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்த மேஸ்திரி கடைசியில் கண்ணைத் திறந்தார். "யாரு அறுக்கானோ அவனுக்கு முன்னாலதான் முன்னால. வெளிய வரவேண்டியது யாரு? மாசானம். அப்ப அறுக்க வேண்டியதும் அவன்தான்."

எல்லாருக்கும் பெரிய பாரம் இறங்கியது. பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றி மடை வழியாகக் கொடுத்தார்கள். எண்ணெய் எவ்வளவு என்று பாய் அளவு சொல்லவில்லை. 'கொஞ்சம்' என்றது பிளேடுக்குத்தானே, ஆளுக்கு இல்லையே, அவனும் வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று மேஸ்திரி ஒரு செம்பு நல்லெண்ணெயை உள்ளே ஊற்றினார்.

மாசானம் கெட்டிக்காரன். மடையின் விளிம்பில் பிளேடை வைத்து, நிதானமாக அறுத்து, தன் உடம்பு நுழையும் அளவுக்கு வழுவழுப்பாக ஒரு வழி செய்து வெளியே வந்தான். தலை முதல் கால் வரை எண்ணெய் மின்னியது. மூவரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். சொள்ளமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பிளேடு நல்ல பிளேடுதான்.

அப்புறம்தான் பத்தாயத்தைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு பெரிய ஓட்டை வழியா நெல்லெல்லாம் கொட்டிருமே" என்றான் இசக்கி.

வெட்டின துண்டையே திருப்பி வைத்து, மேலே ஒரு பட்டை போட்டு, மடையை மட்டும் விட்டுவிட்டு ரிவெட் அடிப்பது என்று முடிவாயிற்று. உள்ளே யார் அண்டக் கொடுப்பது? வழி மாசானத்தின் அளவுக்கு வெட்டியது. மேஸ்திரிக்குத் தொப்பை இடித்தது. மற்ற இருவருக்கும் பழக்கமில்லை. மாசானம் மறுபடி நுழைந்தான்.

"பிளேட எடுத்துக்கிடட்டா?"

"வேண்டாம்ல. கையில பிளேடு இருந்தா நீ மறுபடியும் வெட்டிருவ. நாங்க மறுபடியும் ஒட்டணும். பேச்சிமுத்து வந்துருவாரு."

மேஸ்திரி முன்யோசனை உள்ளவர். பிளேடைத் தன் இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

கடைசி ரிவெட் அடித்த கையோடு வண்டிச் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து இறங்கிவந்து பத்தாயத்தைச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். உள்ளே இருந்து பதிலுக்கு யாரோ தட்டினார்கள்.

"மாப்பிள்ள எங்க?"

"உள்ள வேலையா இருக்காரு. ஏ மாசானம், மாமா வந்திருக்காக, கும்பிடு."

மடை வழியாக எண்ணெய் மின்னும் ஒரு கை வெளியே வந்தது. இரண்டு கைக்கு அங்கே இடம் இல்லாததால் ஒரு கையாலேயே கும்பிட்டது. பேச்சிமுத்து குனிந்து அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை காய்த்திருந்தது.

"மாமனாரு வந்தும் வேலைய விட்டு வெளிய வரல. இப்படி ஒரு பையன நான் பாத்ததில்ல. பொண்ணு இவனுக்குத்தான்" என்று தாம்பூலத்தைக் கையில் வைத்தார். கை உள்ளே போயிற்று. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சி அழுவது கேட்டது. சந்தோஷ அழுகை.

மேஸ்திரி இடுப்பிலிருந்து பிளேடை உருவி அவரிடம் கொடுத்தார். "இதையும் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பைமெட்டலு. முகூர்த்தத்தன்னைக்கு மாப்பிள்ளைய வெளிய எடுக்கத் தேவப்படும். அதுக்கு முன்னால குடுத்துராதீக, வெட்டிருவான்."

பேச்சிமுத்து அதைத் துண்டில் முடிந்துகொண்டார். பத்தாயத்தை வண்டியில் ஏற்றினார்கள். அப்போது அவர் மேலே ஏறி, தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாஞ் சரிதான். நெல்லுக் கொட்ட வாயக் காணமே?"

மற்ற இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை.

"வாய் என்னத்துக்கு அண்ணாச்சி? அதுக்குத்தான உள்ள ஆளே வச்சிருக்கு. நீங்க மடையில நெல்ல நீட்டுங்க. அவன் வாங்கி வச்சுக்கிடுவான்."

"அதுவும் வசதிதான்" என்றார் பேச்சிமுத்து. "தூசி விழாது."

வீடு போய்ச் சேர்ந்ததும் அவர் மூட்டையை அவிழ்த்து, கை கையாக நெல்லை நீட்டினார். மடையிலிருந்து ஒரு கை வந்து வந்து வாங்கிக்கொண்டது. பொன்னுக்கிளி வாசலுக்கு வந்து அதைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதற்குச் சிரிக்கிறாள் என்று இந்தத் தடவையும் மாசானத்துக்குத் தெரியவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டினான்.