எலி கடித்த கேபிள்

அந்த மருத்துவமனையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் அருளப்பன். வயது ஐம்பத்திரண்டு, பழைய டெலிபோன் ஆள். மாடிக்கு மாடி கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளின் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்த ஷமீமாவுக்கு முப்பத்துமூன்று. அவர் ‘மேடம்’ என்பார், ஷமீமா ‘சார்’ என்பார்.

வெள்ளிக்கிழமை காலை அருளப்பன் சர்வர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. கையில் ஒரு காகிதம்.

“எம்மேல புகார் எழுதிக் குடுத்திருக்கா, மேடம்! இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினவன் இல்ல நான்!”

“யாரு?”

“ரத்த வங்கி செல்லக்கிளி.”

ஷமீமா வாங்கிப் படித்தார். முந்தைய நாள் மதியம், பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எந்த ரத்தம் சேரும் என்ற ரிப்போர்ட் இரண்டாம் மாடி ரத்த வங்கியில் தயார். தரைத்தளத்து ஆபரேஷன் தியேட்டர் கணினிக்கு அது வந்து சேரவில்லை. செல்லக்கிளி மூன்று முறை அருளப்பனுக்குப் போன் செய்தார்; பலனில்லை. பிறகு ரிப்போர்ட்டைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதற்குள் பதினெட்டு நிமிஷம் போயிருந்தது.

பதினெட்டு நிமிஷம், மூன்று போன். இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அருளப்பனுக்கோ கோபமெல்லாம் அந்தக் காகிதத்தின் மேல்தான்.

“ஏசி மாட்ட வந்தவன் டிரில்லைப் போட்டு, தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவுல கேபிளை அறுத்துட்டான். அது என் தப்பா? இதுக்குத்தானே டைனமிக் ரூட்டிங் போட்டோம்? பத்து செகண்டுக்கு ஒருதரம் சுவிட்சுங்க ஒண்ணையொண்ணு ‘இருக்கியா’ன்னு கேட்டுக்கிடுது. ஒரு வழி அடைபட்டா அதுவா வேற வழி புடிக்கணும். இரண்டாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நேர் கேபிள் நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் புடிக்கல?”

நியாயமான கேள்விதான். ஷமீமா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“இரண்டாம் மாடி சுவிட்சைத் திரையில திறங்க. தியேட்டருக்கு எந்த வழின்னு இருக்கு? சத்தமா வாசிங்க.”

அருளப்பன் தட்டினார், பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“முதல் மாடி வழியா.”

“சுவிட்சுங்க தாங்களா கேட்டுப் புடிச்ச வழியா?”

“இல்ல. கையால எழுதின வழி.”

“யாரு எழுதினது?”

“நான்தான். மூணு வருஷம் முன்னால நேர் கேபிளை எலி கடிச்சிடுச்சு. முதல் மாடியைச் சுத்திப் போகட்டும்னு தற்காலிகமா ஒரு வரி எழுதிப் போட்டேன்.”

“கேபிளை மாத்தலியா?”

“மறுவாரமே மாத்தியாச்சு.”

“வரியை?”

அருளப்பன் திரையில் இருந்த அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“நேத்து என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

அவர் குரல் இறங்கியிருந்தது. “இரண்டாம் மாடி ரிப்போர்ட்டை முதல் மாடிக்கு அனுப்பியிருக்கு. அங்கே கேபிள் அறுந்து கிடக்கு. முதல் மாடி ‘இரண்டாம் மாடி வழியாப் போ’ன்னு திருப்பி அனுப்பியிருக்கு. இது மறுபடி அதுக்கே அனுப்பியிருக்கு.”

ஆபீசில் இந்த சீட்டுக்கும் அந்த சீட்டுக்குமாக அலைக்கழிப்பார்களே, அதே கதைதான். உள்ளே ஒரு பெண் ரத்தம் போய்க் கிடக்க, அவள் ரிப்போர்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே அலைந்திருக்கிறது.

“இரண்டாம் மாடி சுவிட்சுக்கு நேர் வழி தெரியாதா?”

“தெரியும் மேடம். மூணு வருஷமா பத்து செகண்டுக்கு ஒருதரம் காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. ஆனா கையால எழுதினது இருக்கிறவரைக்கும் கேட்டதை அது மதிக்காது.”

“அழிங்க.”

அழித்தார். அடுத்த கணமே தியேட்டருக்கு நேர் வழி திரையில் வந்து உட்கார்ந்தது.

அருளப்பன் நிமிர்ந்தார். காகிதத்தைப் பார்த்ததும் பழைய கோபம் திரும்பிவிட்டது.

“சரி, வரி என் தப்புதான். அதுக்காக மூணு தடவை போன் பண்ணியும் கண்டுக்கலன்னு எழுதுவாளா? எடுத்தேன் மேடம்! ‘பிளக்கைப் பாரும்மா’ன்னு மூணு தடவையும் சொன்னேன். அவ எப்பவும் அப்படித்தான். பிளக் கழண்டு கிடக்கும், நெட்வொர்க் போச்சுன்னு கத்துவா.”

“பிளக் எப்போ கழண்டுச்சு?”

“அது... அவ வேலைக்குச் சேர்ந்த புதுசுல.”

“அதுக்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாங்க?”

“நிறைய.”

“அதுல எத்தனை பிளக்?”

“அந்த ஒண்ணுதான்.”

ஷமீமா புகாரை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

“உங்க மனசுல எழுதி வெச்சிருக்கிற அந்த வரியை அழிக்க எனக்கு பாஸ்வேர்டு கிடையாது, சார்.”